முதல் வருட ஃபீஸை எப்படியும் கட்டிவிடலாம், ஐந்தாவது செமஸ்டருக்கு?

திருப்பூரிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "என் கணவர் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார், சம்பளம் 30,000. நான் வீட்டில் தையல் வேலையில் மாதம் 6,000 வரை சம்பாதிக்கிறேன். மகனுக்குப் பிளஸ் டூவில் கணிதம் 84, இயற்பியல் 72, வேதியியல் 76. மகள் இப்போதுதான் பத்தாவது முடித்தாள். இருவரும் தனியார் மெட்ரிக் பள்ளி. எங்கள் குடும்பத்தில் யாரும் பட்டம் படித்ததில்லை. கவுன்சிலிங்கில் போனால் பக்கத்துக் கல்லூரியில் இசிஇ (எலக்ட்ரானிக்ஸ்) கிடைக்கும் போலிருக்கிறது. கொழுந்தனாரோ, 'மிச்ச நகையையும் வைத்து மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸே போட்டுவிடுங்கள், நாலு வருஷத்தில் மீட்டுடலாம்' என்கிறார். என்ன செய்வது?"

கட்-ஆஃப் முதலில். கணிதம் நூற்றுக்கு அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி. 84 + 36 + 38 = 158. இந்த 158-க்கு உங்கள் வகுப்புப் பிரிவில் எந்தக் கல்லூரியில் எது கிடைத்தது என்பது பொறியியல் சேர்க்கை இணையதளத்தில் கல்லூரி வாரியாக, பிரிவு வாரியாக இருக்கிறது. சென்ற ஆண்டின் கடைசி கட்-ஆஃபைப் பார்த்து, அதற்கு ஐந்து மதிப்பெண் மேலும் கீழுமாக வரும் கல்லூரிகளை விருப்பப் பட்டியலில் வரிசையாகப் போடுங்கள். அந்த வேலையை உங்கள் மகனே ஒரு மாலைக்குள் முடித்துவிடுவான். வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டியது பணத்தைப் பற்றித்தான்.

நீங்கள் எழுதிய மாதச் செலவு: வாடகை 7,000. மளிகை, பால், காய்கறி 10,000. கேஸும் கரண்டும் 1,500. பெட்ரோல் 2,000. மகளின் பள்ளி, டியூஷன் 3,000. சீட்டு 2,500. அடகில் இருக்கும் ஐந்து பவுனுக்கு வட்டி 1,000. போன் 800. மருந்து, ஆஸ்பத்திரி 1,700. மொய், விசேஷம் 1,500. கூட்டினால் 31,000. கையில் நிற்பது 5,000. தீபாவளி போனஸை இதில் சேர்க்கவில்லை, சேர்க்கவும் கூடாது. துணிமணி, பள்ளிப் பணம், பழைய கைமாற்று என்று அதற்கு ஏற்கெனவே ஆள் இருக்கும்.

இப்போது இரண்டு கல்லூரி இடங்களின் செலவையும் நான்கு வருடத்துக்குப் போட்டுப் பாருங்கள். இசிஇ-க்குக் கல்லூரி எழுதிக் கொடுத்தது: கல்விக் கட்டணம் 55,000, பயிற்சிக் கட்டணம் 15,000, இதர கட்டணம் 10,000, தேர்வுக் கட்டணம் 4,000, பஸ் 24,000. ஆண்டுக்கு 1,08,000, நான்கு ஆண்டுக்கு 4,32,000. மேனேஜ்மென்ட் சீட்டுக்கு ஆண்டுக்கு 1,50,000, அதோடு சேரும்போது ரசீது இல்லாமல் 2 லட்சம், பஸ் தனி. மொத்தம் 8,96,000. வித்தியாசம் 4,64,000. உங்கள் குடும்பத்தின் ஒரு வருட வருமானமே 4,32,000-தான்.

ரசீது இல்லாத அந்த 2 லட்சம் நன்கொடை என்ற பெயரில் கேட்கப்பட்டாலும், தமிழ்நாட்டில் அப்படி வாங்குவதற்கு 1992-லேயே தடைச் சட்டம் உண்டு. அதைவிட உங்களுக்கு உடனே உறைக்க வேண்டியது வேறு. வங்கி ரசீது உள்ள கட்டணத்துக்குத்தான் கடன் தரும். ஆகவே அந்த 2 லட்சம் முழுக்க நகையிலிருந்து போகும், மகன் இடையில் நின்றாலும் திரும்பாது.

நகையை ஏன் தொட வேண்டாம் என்கிறேன் என்றால், வழக்கமான நகைக்கடன் பன்னிரண்டு மாதத்தில் திருப்ப வேண்டியது, படிப்போ நாற்பத்தெட்டு மாதம். ஒவ்வொரு வருடமும் வட்டியைக் கட்டி மறுஅடகு வைத்தால்தான் நகை நிற்கும். முதல் வருட ஃபீஸை ஏறக்குறைய எல்லாக் குடும்பமும் கட்டிவிடுகிறது. சொந்தக்காரர்கள் கொடுப்பார்கள், உற்சாகம் இருக்கும். முட்டுவது மூன்றாம் வருடத் தொடக்கத்தில், ஐந்தாவது செமஸ்டரில். உங்கள் வீட்டில் அது இன்னும் சரியாக முட்டும்: மகன் மூன்றாம் வருடம் போகும் அதே ஜூனில் மகள் முதலாம் ஆண்டு கல்லூரிக்குப் போகிறாள். இரண்டு வருடம் இரண்டு பேருக்கும் சேர்ந்து கட்ட வேண்டும். இதைக் கொழுந்தனார் கணக்கில் சேர்த்ததாகத் தெரியவில்லை.

அதனால் என் யோசனை: கவுன்சிலிங் சீட், கல்விக்கடன், நகை அப்படியே இருக்கட்டும்.

கல்விக்கடனில் 4 லட்சம் வரை சொத்து அடமானமும் வேண்டாம், மூன்றாம் நபர் ஜாமீனும் வேண்டாம், கையிலிருந்து போட வேண்டிய பங்கும் இல்லை. மகனோடு நீங்களோ கணவரோ இணைக் கடனாளியாகக் கையெழுத்திட்டால் போதும். 7.5 லட்சத்தைத் தாண்டினால் சொத்து கேட்கும் பேச்சு வரும். மேனேஜ்மென்ட் சீட்டுக்குப் போனால் நீங்கள் அந்த எல்லையின் வாசலுக்கே போய்விடுவீர்கள்.

வட்டி எப்படி ஏறுகிறது என்று ஒரு தடவை கையால் போட்டுப் பார்த்துவிட்டால் பயம் பாதி போகும். ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் நான்கு தவணை வாங்குகிறீர்கள், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் நான்கு வருடமும் அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை கிடையாது, அந்தக் காலத்துக்குத் தனி வட்டிதான். முதல் லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி 50,000. அடுத்ததற்கு 40,000, 30,000, 20,000. ஆக 1,40,000. திருப்பத் தொடங்கும் நாளில் கடன் 5,40,000 ஆக நிற்கும். அதைப் பத்து வருடத்தில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 7,140. பதினைந்து வருடம் என்றால் சுமார் 5,800, ஆனால் மொத்தமாகக் கட்டுவது 10 லட்சத்தைத் தாண்டும்.

அந்த வட்டியைப் படிக்கும்போதே மாதாமாதம் கட்டினால்? முதல் வருடம் மாதம் 833, இரண்டாவது வருடம் 1,667, பிறகு 2,500, நான்காவது வருடம் 3,333. கடன் 4 லட்சத்திலேயே நிற்கும், பத்து வருடத் தவணை 5,290-க்குள் அடங்கும். இப்படிக் கட்டுகிறவர்களுக்குப் பல வங்கிகள் வட்டியில் 1 சதவீதம் குறைக்கின்றன. கிளையில் கேட்டு, அனுமதிக் கடிதத்தில் அது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

உங்களுக்குக் கல்வி, பயிற்சி, இதர கட்டணம் மூன்றுக்கும் ஆண்டுக்கு 80,000 கடன் போதும், அதனால் மேலே சொன்ன எல்லாத் தொகையிலும் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் பஸ்ஸுக்கு மாதம் 2,000, வட்டிக்கு 667. நான்காம் வருடம் பஸ்ஸுக்கு 2,000, வட்டிக்கு 2,667. கையில் நிற்கும் 5,000-க்குள் நான்கு வருடமும் அடங்குகிறது. தேர்வுக் கட்டணம் 4,000 மட்டும் போனஸிலிருந்து.

இதிலும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, கல்லூரி நாக் (NAAC) தர அங்கீகாரமோ அந்தப் பாடப்பிரிவு என்பிஏ (NBA) தர அங்கீகாரமோ பெற்றிருந்தால், படிப்புக் காலமும் கூடுதல் ஓராண்டும் சேரும் வட்டியை மத்திய அரசே வங்கிக்குக் கொடுக்கும் திட்டம் இருக்கிறது. உங்கள் 4,32,000 அதற்குள் வருகிறது. ஆனால் தானாக வராது. வருமானச் சான்றிதழை வங்கியில் கொடுத்து, மானியத்துக்குக் கிளையே கோரிக்கை பதிவேற்ற வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை போய் "வட்டி மானியத்துக்கு என் மகன் பெயர் ஏற்றியாச்சா?" என்று கேளுங்கள். பாதியில் படிப்பை விட்டால் மானியம் நின்றுவிடும். மானியம் உறுதியானால், வட்டிக்கு ஒதுக்கிய பணத்தை மாதாமாதம் அஞ்சலக ஆர்.டி.யில் (தொடர் வைப்பு) போடுங்கள். அது ஐந்து வருடத்துக்கானது, கடன் திருப்பத் தொடங்கும் நேரத்தில் முதிரும்.

வருமானச் சான்றிதழ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்கும்போது "72,000 போட்டு வாங்கிடுங்க" என்று யாராவது சொல்வார்கள். பழைய திட்டங்களின் வரம்பு அது, பழக்கத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது. உங்கள் கணவரின் சம்பளம் வங்கிக் கணக்கில் மாதம் 30,000 ஏறுகிறது. அதே பாஸ்புக்கையும் 72,000 சான்றிதழையும் ஒரே மேஜையில் வைத்தால் கடன் அதிகாரி இரண்டையும் நம்பமாட்டார். உள்ளதைப் போட்டாலே நீங்கள் வரம்புக்குள் இருக்கிறீர்கள்.

முதல் பட்டதாரிச் சான்றிதழையும் அதே நாளில் விண்ணப்பியுங்கள். விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் அலுவலகம் என்று மூன்று மேஜை தாண்ட வேண்டும், ஜூன் மாதத்தில் எல்லா மேஜையிலும் கூட்டம். இதனால் கிடைக்கும் சலுகை கல்விக் கட்டணத்தில் நல்ல பங்கைக் குறைக்கும், அந்த அளவுக்குக் கடனும் குறையும். ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் சேருகிறவர்களுக்கே இது உண்டு, மேனேஜ்மென்ட் சீட்டுக்குக் கிடையாது. ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான் என்பதால், அண்ணனுக்கு வாங்கினால் தங்கைக்கு இல்லை.

சான்றிதழ் திரும்பி வருவது பெரும்பாலும் பெயரால்தான். டிசியில் அப்பா பெயர் "சுப்பிரமணியம்", ஆதாரில் "சுப்ரமணியன்", ரேஷன் கார்டில் இனிஷியல் இல்லை. விண்ணப்பிக்கும் முன் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் நான்கையும் தரையில் பரப்பி எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழை மாற்றுவது பெரும்பாடு, ஆதாரை அதற்கு ஏற்பத் திருத்துவது சுலபம். ஆதார் இணைப்பும் முக்கியம்: உதவித்தொகை எதுவானாலும், மகனின் ஆதார் கடைசியாக எந்தக் கணக்கோடு இணைக்கப்பட்டதோ அதற்கே போகும். பள்ளியில் தொடங்கிய பழைய ஜீரோ பேலன்ஸ் கணக்கில் பணம் வந்து கிடப்பது தெரியாமலே இருப்பவர்கள் உண்டு.

(மகளை இப்போது அரசுப் பள்ளிக்கு மாற்றினால் பொறியியல் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு கிடைக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். கிடைக்காது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரி மாணவிகளுக்கான புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கும் ஏறக்குறைய இதே நிபந்தனைதான். பிள்ளை ஐந்தாம் வகுப்பில் இருக்கும் பெற்றோர் இதைப் படித்தால், கணக்குப் போட வேண்டிய வருடம் உங்களுக்கு இதுதான்.)

கடனுக்கு மத்திய அரசின் வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். வங்கியையும் அங்கேயே தேர்ந்தெடுக்கலாம். அச்செடுத்துக் கிளையிலும் கொடுத்து, பெற்றதற்கு முத்திரை வாங்குங்கள். "எங்க ஏரியா இல்ல", "டார்கெட் முடிஞ்சது" என்று வாய்வார்த்தையாகச் சொன்னால், காரணத்தை எழுதித் தரக் கேளுங்கள். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி, கல்விக்கடனை நிராகரிக்க அடுத்த மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும். எழுத்தில் கேட்டதும் பல விண்ணப்பங்கள் மறுபடி மேஜைக்கு வந்துவிடும்.

இனி இசிஇயா கம்ப்யூட்டர் சயின்ஸா என்ற கேள்வி. பெரிய கடன் வாங்கித் தரவேண்டிய அளவுக்கு அந்த இரண்டுக்கும் நடுவே இடைவெளி இல்லை என்பது என் கருத்து. இசிஇ படித்தவர்களையும் மென்பொருள் நிறுவனங்கள் எடுக்கின்றன, இரண்டு பிரிவிலும் அவர்கள் முதலில் பார்ப்பது அரியர் இருக்கிறதா என்பதை. கல்லூரிதான் வித்தியாசப்படுத்தும். அண்ணா பல்கலைக்கழகம் தன்னோடு இணைந்த கல்லூரிகளின் தேர்ச்சி விவரத்தைச் செமஸ்டர் வாரியாக வெளியிடுகிறது, அதைப் பாருங்கள். என்பிஏ அங்கீகாரம் கல்லூரிக்கு இருக்கிறதா என்று கேட்காமல், இசிஇ பிரிவுக்கு இருக்கிறதா, எந்த வருடம் வரை என்று கேளுங்கள். பிளேஸ்மென்ட் பலகையில் இருக்கும் எண்ணிக்கை ஆஃபர் கடிதங்களுடையது, ஒரே பையனுக்கு மூன்று கடிதம் இருக்கலாம். நான்கு மணிக்குக் கல்லூரி வாசல் டீக்கடையில் இறுதியாண்டு மாணவர்கள் நிற்பார்கள். உங்கள் மகனை அனுப்பி, "உங்க வகுப்புல எத்தனை பேர் வேலைக்குப் போய்ச் சேர்ந்தாங்க, சம்பளம் எவ்வளவு?" என்று கேட்கச் சொல்லுங்கள்.

எந்தக் கல்லூரியிலும் அசல் சான்றிதழ்களை விட்டுவிட்டு வராதீர்கள். சரிபார்த்துத் திருப்பித் தருவதுதான் விதி. வகுப்பு தொடங்கும் முன் வேறு இடம் கிடைத்து விலகினால், செயல்முறைக் கட்டணமாக 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது என்பது தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇயின் விதி. கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கையில் இருந்தால்தான் அதைக் கேட்க முடியும்.

இன்றிரவே செய்யக்கூடியது ஒன்று. உங்கள் கணவரின் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையை வருடத்துக்கு ஒருமுறை இலவசமாக எடுக்கலாம். பைக் கடனின் கடைசித் தவணை விடுபட்டது, மச்சானுக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து, "செட்டில்" செய்து முடித்த பழைய கிரெடிட் கார்டு, இவை எல்லாம் அதில் நிற்கும். குறை இருந்தால் வங்கிக்குப் போகும் முன்பே பாக்கியைக் கட்டி, நிலுவை இல்லை என்ற கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் பெயரில் சிக்கல் தீரவில்லை என்றால் இணைக் கடனாளியாக நீங்கள் கையெழுத்துப் போடலாமா என்று கிளையில் கேளுங்கள்.

கடைசியாக, மாதம் 2,500 கட்டிவரும் அந்த 1 லட்ச ரூபாய்ச் சீட்டு. நாற்பது மாதச் சீட்டில் பதினேழு கட்டிவிட்டீர்கள், இப்போது தள்ளி எடுத்து மகன் சேர்க்கைக்குப் போடலாமா என்கிறீர்கள். வேண்டாம். இப்போது எடுத்தால் தள்ளுபடி போகக் கைக்கு வருவது குறைவு. கடைசி வரை விட்டுவைத்தால் இன்னும் இருபத்து மூன்று மாதத்தில், மகள் பிளஸ் டூ முடித்துச் சேர்க்கைக்கு நிற்கும் மே மாதத்தில், ஏறக்குறைய முழுத் தொகையும் கைக்கு வரும். அது அவள் பணம்.