டபுள் கெப்புக்குத் துணிக் கவர்: குஷன்காரரிடம் வாசகர் கேள்விகள்

கே: கொட்டாஞ்சேனையில் மணவறை அலங்காரம் செய்கிறேன். 2012 ஹைலக்ஸ் விகோ டபுள் கெப் வைத்திருக்கிறேன். கெபினுக்குப் பின்னால் பெட்டியின்மேல் நிற்கும் வளைகுழாய், அதாவது ரோல் பார் இருக்கிறது. பின்பெட்டிக்குள் கறுப்பு பிளாஸ்டிக் லைனரும் போட்டிருக்கிறேன். ஏணியும் இரும்புக் குழாயும் ஏற்ற ஒரு ரேக் அடிக்கவும் எண்ணம். பூவும் பட்டுத் துணியும் நனையாமல் இருக்க, பின்பெட்டியின் மேலே விரித்து மூடும் மென்மையான துணிக் கவர், அதாவது டொனோ கவர் ஒன்று தேவை. ஒரு கடையில் கேட்டேன், “இது எல்லாத்துக்கும் சரிவரும்” என்றார்கள். நம்பி வாங்கலாமா?

ப: தம்பி, எல்லாவற்றுக்கும் சரிவரும் கவர் என்று ஒன்று கிடையாது. ஒரே ஆண்டு ஹைலக்ஸ் இரண்டை அருகருகே நிறுத்துங்கள். ஒன்றில் கம்பனி ரோல் பார் இருக்கும், மற்றதில் வெளியில் அடித்தது இருக்கும். முதல் வாகனத்தின் கவர் இரண்டாவதில் உட்காராது. நான் மருதானையில் குஷன் வேலை செய்பவன். சீட், ஹூட், லொறித் தறப்பாள் எல்லாம் தைக்கிறேன். கவர் விஷயத்தில் என்னிடம் வரும் முறைப்பாடுகளில் துணி கெட்டுப்போனது குறைவு. துணி போய்ப் பிடிக்கும் விளிம்பில்தான் கோளாறு. ஆகையால் கவரின் விலையைக் கேட்குமுன் உங்கள் பெட்டியின் விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள்.

பக்கச் சுவரின் மேற்புறம் ஒரு சாண் அகலம்கூட இல்லை. அது உள்ளே திரும்பி, கீழ்நோக்கி ஒரு தகட்டு உதடாக இறங்கும். விரலை அடியில் விட்டால் அந்த உதடு தெரியும். ரோல் பாரின் கால் மேற்புறத்தில் நிற்கிறது. லைனரின் ஓரம் அதன்மேல் மடிந்து கிடக்கிறது. நீங்கள் அடிக்கப்போகும் ரேக்கின் காலும் அங்கேதான் இறங்கும். கவர்த் துணியின் ஓரத்தைத் தாங்கும் அலுமினியச் சட்டம்தான் ரெயில். அதைப் பிடிக்கும் கிளாம்பும் அதே உதட்டைத்தான் கவ்வ வேண்டும். நாலு பேருக்கு இருப்பது ஒரே வாங்கு. யார் எங்கே இருப்பது என்று முதலே தீர்க்காவிட்டால் கடைசியில் வரும் கவருக்கு இடம் இராது.

லைனரில் இருந்து தொடங்குங்கள். பிளாஸ்டிக் லைனரில் இரண்டு வகை உண்டு. ஒன்று விளிம்புக்குக் கீழேயே முடிந்துவிடும். அதனால் கவருக்குத் தொல்லை இல்லை. மற்றது விளிம்பின் மேலே ஏறி மூடும். உங்களுடையது இரண்டாவது வகை என்றால் கிளாம்பைப் பிளாஸ்டிக்கின்மேல் இறுக்க விடவே விடாதீர்கள். கொழும்பு வெயிலில் நின்ற வாகனத்தின் கறுப்பு பிளாஸ்டிக்கைத் தொட்டால் கை சுடும். சூட்டில் அது கிளாம்பின் அடியில் மெல்ல நசிந்து விலகும். காலையில் இறுக்கிய நட்டு சில வாரத்தில் கையால் திருகும் அளவுக்குத் தளர்ந்திருக்கும். ரெயில் ஆடும், அந்த இடைவெளியால் தண்ணீர் இறங்கும், கவரில் பிழை என்று நினைப்பீர்கள். கிளாம்ப் வரும் இடங்களில் மட்டும் லைனரின் ஓரத்தைச் சதுரமாக வெட்டி எடுத்து, இரும்போடு அலுமினியம் நேரே சேரும்படி இறுக்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக்குக்குப் பதிலாகப் பெட்டியில் மருந்தாக அடிக்கும் ஸ்பிரே லைனர் போட்டவர்களுக்கு இந்த வேலை இல்லை. உதட்டில் மருந்து கட்டியாகப் படிந்திருந்தால் அதை மட்டும் சுரண்டினால் போதும்.

அடுத்தது ரோல் பார். சாதாரண ரோல் அப் (சுருட்டும்) கவரின் ரெயில் கெபினின் முதுகில் தொடங்கிப் பின்கதவுவரை ஒரே நீளமாக ஓட வேண்டும். ரோல் பாரின் கால்தட்டு வழியில் நின்றால் ரெயில் ஓடாது. ரெயிலை வெட்டித் துண்டாகப் போடுவோம் என்று சிலர் சொல்வார்கள், சம்மதிக்காதீர்கள். வெட்டிய இடத்தில் துணி இழுபடாமல் தொங்கி, அங்கேயே மழைநீர் குளமாகும். உங்களுக்கு இரண்டு வழி உண்டு. ரோல் பாரின் காலுக்கென மூலையில் வெட்டுவாயும் மூடுமடலும் வைத்துத் தைத்த கவர் ஒன்று. ரெயில் மேற்புறத்துக்கு வராமல் உதட்டின் உட்பக்கத்திலேயே அமரும் கவர் மற்றது. முதல் வகையை வாங்குவதானால் ரோல் பாரின் படத்தையும், கெபின் சுவரில் இருந்து கால்தட்டின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் உள்ள தூரத்தையும் கடைக்காரரிடம் கொடுங்கள். வாகனத்தின் பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் கம்பனி ரோல் பாருக்கு வெட்டியது வரும். உங்களுடையது வெளியில் அடித்தது என்றால் அந்த ஓட்டை வேறெங்கோ நிற்கும். இரண்டாவது வகையில் ரோல் பாரின் போல்ட் மேற்புறத்தைத் துளைத்துக் கீழே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த இடத்துக் கிளாம்பைச் சற்றுத் தள்ளிப் போட வேண்டும்.

இந்த இரண்டில் உங்களுக்கு நான் சொல்வது உட்பக்க ரெயில்தான். ரேக் வரப்போகிறது என்பதே காரணம். மேற்புறத்தை ரோல் பாருக்கும் ரேக்குக்கும் விட்டுக்கொடுத்துவிட்டுக் கவர் உள்ளே ஒதுங்கிக்கொள்ளும். அகலத்தில் கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

ரேக்கைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ரேக்கின் கால் வாகனத்தின் இரும்பில் நிற்க வேண்டும். கவரின் ரெயிலில் நிற்கக் கூடாது. மென்கவரின் ரெயில் மெல்லிய அலுமினியம், துணியின் இழுவையைத் தாங்கச் செய்தது. இரும்புக் குழாயும் ஏணியும் ஏற்றி ஒரு பள்ளத்தில் இறங்கினால் அது வளைந்துவிடும். ரேக் ஏற்றுவதற்கென்றே தடித்த ரெயிலும் அதில் நீளப்பள்ளமும் வைத்த கவர்கள் இருக்கின்றன. அவற்றில் தாங்கும் எடை எழுதியிருக்கும். எழுதியிராவிட்டால் தாங்காது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

மடிக்கும் வகையா, சுருட்டும் வகையா என்று அடுத்து கேட்பார்கள். உங்களுக்குச் சுருட்டும் வகைதான். டபுள் கெப்பின் பெட்டி ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் நீளம். மூன்றாக மடியும் கவரில் ஒவ்வொரு பலகையும் அரை மீற்றர். திறக்கும்போது அது நிமிர்ந்து திரும்ப வேண்டும். மேலே ரேக்கின் குறுக்குக் குழாய் தாழ்வாக இருந்தால் பாதியில் முட்டி நின்றுவிடும். சுருட்டும் கவர் ரேக்கின் அடியாலேயே சுருண்டு போகும். சுருண்ட உருளை கெபினோடு ஒட்டி ரோல் பாரின் கீழே கிடக்கும். அதற்கு இடம் இருக்கிறதா என்று பழைய துவாய் ஒன்றைச் சுருட்டி வைத்தே பார்த்துவிடலாம். பிரஸ் பட்டன் வகையும் கொக்கிக் கயிறு வகையும் மலிவு, ஆனால் பெரும்பாலும் பெட்டியில் துளை போட வேண்டிவரும். கொட்டாஞ்சேனை கடலுக்குப் பக்கம். துளையின் ஓரத்தில் பிறைமர் பூசாமல் விட்டால் உப்புக் காற்றில் துரு ஏறிவிடும். மணவறை வேலையில் நாளுக்குப் பலமுறை திறந்து மூடுகிற உங்களுக்கு அத்தனை பட்டனைக் கழற்றிப் பூட்டவும் பொறுமை இராது.

வேலையின் வரிசை இதுதான்: லைனரை வெட்டி முடியுங்கள், ரேக்கை அடித்து முடியுங்கள், அதன்பிறகே கவருக்கு அளவெடுங்கள். பின்கதவை மூடிவைத்து உட்பக்க நீளத்தை இரண்டு ஓரத்திலும் எடுங்கள். மூலைக்கு மூலை குறுக்காகவும் இரண்டு அளவு எடுங்கள். இரண்டு குறுக்களவும் ஒன்றாக வந்தால் பெட்டி கோணாமல் நேராக இருக்கிறது. வித்தியாசம் தெரிந்தால் எங்கோ அடிபட்டு இழுபட்ட பெட்டி, தகடு தட்டுபவரிடம் முதலில் காட்டுங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025இல்தான் திரும்பவும் திறந்துவிட்டார்கள். அதனால் நம்மிடம் ஓடும் டபுள் கெப்புகளில் வயது போனவை அதிகம், நேரான பெட்டி கிடைப்பது அரிது.

கே: வெள்ளவத்தையில் துணிக்கடை வைத்திருக்கிறோம். இசுசு டி-மெக்ஸ் கெப்பில் சாரிப் பொதிகளை ஏற்றி ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் அனுப்புகிறோம். புதிதாகப் போட்ட மென்கவர். ஆனாலும் மழையில் கீழ்ப்பொதிகள் நனைந்துவிட்டன. “தண்ணீர் போகாது” என்று சொல்லித்தான் விற்றார்கள்.

ப: தங்கச்சி, நனைந்தவை கீழ்ப்பொதிகள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதிலேயே பாதி விடை இருக்கிறது. துணியால் ஒழுகினால் மேற்பொதிதான் முதலில் நனையும். உங்களுக்குத் தண்ணீர் ஓரத்தால் வந்து தரையில் ஓடியிருக்கிறது.

மென்கவர் மழையைத் தடுக்கும், ஆனால் தண்ணீர்த் தாங்கியைப் போல அடைக்காது. அதை யாரும் வாங்குமுன் சொல்வதில்லை. தண்ணீர் வரும் வழிகள் பெரும்பாலும் மூன்று. கெபினோடு கவர் சேரும் முன்விளிம்பு ஒன்று. வாகனம் வேகமாக ஓடும்போது கெபினின் முதுகில் வடியும் மழை அங்கே இறங்கும். பின்மூலைகள் இரண்டும் இன்னொன்று. மூன்றாவது பின்கதவின் இடுக்கு. இதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். ஓடும் வாகனத்தின் பின்னால் காற்றழுத்தம் குறையும். அதனால் வீதியில் தெறிக்கும் சேற்றுநீரும் தூசியும் கதவின் இடுக்கால் உள்ளே இழுபடும். கவரை எவ்வளவு இறுக்கினாலும் அது நிற்காது. கதவின் கீழும் பக்கங்களிலும் ஒட்டும் இறப்பர் பட்டி தனியாக விற்கிறார்கள். வாங்கி, ஒட்டும் இடத்தைப் பிசுக்குப் போகத் துடைத்துக் காயவிட்டு ஒட்டுங்கள். எண்ணெய்ப் பிசுக்கின்மேல் ஒட்டினால் வவுனியா போகுமுன் கழன்றுவிடும்.

பெட்டித் தரையில் தண்ணீர் போகும் துளைகள் இருக்கின்றன. நூலும் குப்பையும் அடைத்திருக்கும், கம்பியால் குத்தி விடுங்கள். பொதிகளின் அடியில் மரச்சட்டம் போட்டு இரண்டு அங்குலம் உயர்த்துங்கள். பட்டுச் சாரி என்றால், கவர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், பொதியைப் பொலித்தீனில் சுற்றாமல் அனுப்ப வேண்டாம். ஒரு கலியாணச் சாரியின் விலை கவரின் விலையைத் தாண்டிவிடும்.

துணியையும் ஒருதடவை புரட்டிப் பாருங்கள். நல்ல கவர் பொலியெஸ்டர் நெசவின்மேல் வினைல் பூசியது. இணைப்புகள் சூட்டில் ஒட்டியவை என்றால் அடிப்பக்கம் வழவழப்பாக ஒரு பட்டையாகத் தெரியும். தைத்தது என்றால் ஊசித்துளை வரிசையாக நிற்கும். ஒவ்வொரு துளையும் ஒரு வாசல். அதற்காகத் தைத்த கவரை எறிய வேண்டியதில்லை. அடியில் தையலின்மேல் துளையை அடைக்கும் சீலர் பசை பூசினால் நிற்கும். நூல் பருத்தியா என்று மட்டும் பாருங்கள். பருத்தி நூல் வெயிலிலும் மழையிலும் இற்றுப்போய்த் தையல் அப்படியே வாய்பிளக்கும். வெளிவேலைக்குப் பொலியெஸ்டர் நூல்தான்.

கே: வத்தளையில் இருக்கிறேன். ரொறன்ரோவில் உள்ள அண்ணா தன்னுடைய டொயோட்டா டகோமாவின் கவரைக் கழற்றி அனுப்புகிறேன் என்கிறார். என்னிடம் ஹைலக்ஸ் ரெவோ. இரண்டும் டொயோட்டாதானே?

ப: அனுப்ப வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள். அண்ணாவின் அன்பு பெரியது, கப்பல் கூலி வீண். டொயோட்டா 1995இல் வட அமெரிக்காவுக்கென டகோமாவைத் தனியாக இறக்கியது. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஹைலக்ஸ் விற்பதில்லை. பெட்டியின் அளவு வேறு, விளிம்பின் வடிவமும் வேறு. 2005 மாடலில் இருந்து டகோமாவின் பெட்டி உட்பக்கம் இரும்பல்ல, வார்த்த கொம்போசிட், அதாவது இழை கலந்த பிளாஸ்டிக். ஓரத்தில் கம்பனியே ஒரு ரெயில் வைத்திருக்கும். கவரின் கிளாம்புகள் பெரும்பாலும் அந்த ரெயிலைப் பிடிக்கச் செய்தவை. உங்கள் ரெவோவின் தகட்டு உதட்டில் அவை பிடிக்க இடமில்லை. அங்கே விற்கும் கவர்களின் அளவையே அடியில்தான் சொல்வார்கள், ஐந்து அடி, ஆறு அடி என்று. ஹைலக்ஸுக்குத் தாய்லாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் செய்கிறார்கள். வாங்குவதானால் அந்தப் பக்கம் தேடுங்கள்.

கே: தெஹிவளை. உபகரணப் பெட்டி ஒன்று பின்னால் வைத்திருக்கிறேன். கவர் அதன்மேல் மூடுமா? களவுக்குப் பாதுகாப்பா?

ப: உபகரணப் பெட்டி தரையில் இருந்தால் மூடும். அதன் உயரம் விளிம்பைவிட நாலு விரல் குறைவாக இருக்க வேண்டும், ஏனென்றால் கவரின் அடியில் குறுக்கே வளைகம்பிகள் ஓடும். கெபினுக்குப் பின்னால் இரண்டு விளிம்பிலும் ஏறி நிற்கும் பெட்டி என்றால் சாதாரண கவர் உதவாது. உபகரணப் பெட்டி பிடிக்கும் நீளத்தைக் கழித்துச் செய்த குட்டைக் கவர் தேவை. பெட்டியின் மூடி முழுதாகத் திறக்கிறதா என்று கடையிலேயே திறந்து பாருங்கள்.

களவுக்கு இது பூட்டல்ல. பிளேட் ஒன்று போதும் கிழிக்க. உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கும், அவ்வளவுதான். விலையுள்ள ட்ரில்லையும் கிரைண்டரையும் பூட்டுள்ள பெட்டிக்குள் வைத்து, பெட்டியைத் தரையோடு போல்ட் அடியுங்கள்.

கே: நுவரெலியாவுக்கு அடிக்கடி போய் வருகிறேன். கொழும்பில் சரியாக மூடும் கவர் அங்கே காலையில் பூட்ட வராமல் மல்லுக்கட்டுகிறது. ஏன்?

ப: வினைல் சூட்டில் இளகி நீளும், குளிரில் சுருங்கும். உச்சிவெயிலில் முழு இறுக்கத்தில் பூட்டினால் நுவரெலியாக் குளிரில் துணி எட்டாது. பலவந்தமாக இழுத்தால் ஓரம் கிழியும். இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு முன்பக்கத்தில் இருக்கும். மலையேறுமுன் ஒரு சுற்றுத் தளர்த்துங்கள், இறங்கியதும் திரும்ப இறுக்குங்கள். தளர்ந்த கவரில் தண்ணீர் தேங்கினால் அடியில் இருந்து கையால் தள்ளி வடியவிடுங்கள்.

கழுவ இளஞ்சூட்டு நீரும் கொஞ்சம் சவர்க்காரமும் போதும். மினுமினுப்புக்காக மண்ணெண்ணெய், டீசல் எதையும் பூசாதீர்கள். வினைலில் உள்ள மென்மையை அவை எடுத்துவிடும், பிறகு மடிப்பில் வெடிக்கும். ஒக்டோபர், நவம்பர் மழையில் ஈரத்தோடு சுருட்டி வைக்க நேர்ந்தால், வீட்டுக்கு வந்ததும் திரும்ப விரித்துக் காயவிடுங்கள்.