பிடித்ததைப் படித்தால் உடம்புக்கு என்ன நன்மை?
பரீட்சைக்கோ வேலைக்கோ இல்லாமல், ஆசைக்காகவே படிப்பதைத்தான் இன்ப வாசிப்பு என்கிறோம். மனம் கதையில் ஊன்றிவிட்டால் ஓயாத கவலைக்கு இடமில்லை. உடம்பும் இறுக்கம் தளர்கிறது. தொப்பூர் கணவாயில் இறங்கும் லாரி மாதிரி: பிரேக்கை மட்டும் மிதித்தால் சூடேறும், சின்ன கியரில் போட்டால் தானே அடங்கி இறங்கும். மனசுக்கு அந்தச் சின்ன கியர்தான் புத்தகம். பாலக்கோட்டில் தக்காளி விலை விழுந்த நாளில்கூட என் அப்பா நூலகத்து நாவலில் பத்துப் பக்கம் படிப்பார், கண்ணாடியோடே தூங்கிப்போவார்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் 50 வயது தாண்டிய 3,635 பேரை 12 ஆண்டுகள் கவனித்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், புத்தகம் படிப்பவர்களுக்கு இறப்பு அபாயம் 20 சதவீதம் குறைவு. (வாசிப்பு மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது.)

கனமான நூல்தான் பலன் தரும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, துப்பறியும் கதையும் மனசைப் பிடித்து நிறுத்தும்.