ஒரே பிளக்கில் இத்தனை பெட்டியா?

கேள்வி: ஆடியோ ரேக்கில் டிஜிட்டல் மிக்சர், நான்கு வயர்லெஸ் மைக் ரிசீவர், ஒலியைச் சீர்செய்யும் ஒரு பிராசஸர், ஸ்பீக்கர்களை ஓட்டும் இரண்டு பவர் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) இருக்கின்றன. இப்போதைக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதில் செருகிய இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்று ஓடுகிறது. எல்லாமே ஒரே சாக்கெட்டில் இருக்கலாமா, ஆம்புக்குத் தனி லைன் இழுக்க வேண்டுமா?

பதில்: முதலில் அந்த இரண்டாவது பாக்ஸைக் கழற்றுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம். எத்தனை பாக்ஸ் தொடுத்தாலும் மொத்தச் சுமையும் முதல் பாக்ஸின் வயர் வழியாகத்தான் போகிறது, நடுவில் எந்தச் செருகல் தளர்ந்திருக்கிறதோ அங்கே சூடேறும், ரேக்கின் பின்பக்கம் என்பதால் யார் கண்ணிலும் படாது. ரேக்கில் திருகிப் பொருத்துகிற, ஒரு யூனிட் (ரேக்கின் ஒரு தட்டு) உயரமுள்ள பவர் டிஸ்ட்ரிபியூட்டர், அதாவது சாக்கெட் வரிசை உள்ள பெட்டி ஒன்று போடுங்கள். ‘கண்டிஷனர்’ என்று பெயர் போட்டு விலையைக் கூட்டி விற்பதற்குள்ளும் பெரும்பாலும் அதே சாக்கெட் வரிசை, ஒரு சின்ன ஃபில்டர், திடீர் வோல்டேஜ் எழுச்சிக்கான சர்ஜ் தடுப்பு, அவ்வளவுதான். வோல்டேஜைச் சீராக்கும் என்று நம்பி வாங்காதீர்கள், அது ஸ்டெபிலைசரின் வேலை.

இனி கணக்கு. மிக்சர், ரிசீவர், பிராசஸர் எல்லாம் சேர்ந்து 300 வாட் என்றே வைத்துக்கொண்டாலும் 230 வோல்ட்டில் 1.3 ஆம்பியர், 120 வோல்ட்டில் 2.5. இதற்குக் கவலையே வேண்டாம். பார்க்க வேண்டியது ஆம்புகளை. 1000 வாட் ஆம்ப் எப்போதும் 1000 வாட் இழுப்பதில்லை, பாட்டிலும் பேச்சிலும் உச்சம் நொடிப்பொழுதில் வந்து போய்விடும், சராசரி மிகக் குறைவு. அதனால்தான் பல மேனுவல்களில் எட்டில் ஒரு பங்கு பவரில் எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்று தனியாகப் போட்டிருக்கும். கூட்ட வேண்டியது அந்த எண்ணைத்தான், அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சடித்திருப்பதை அல்ல. வேகமாக ஸ்விட்ச் செய்து ஓடும் கிளாஸ் டி வகை ஆம்ப் இதில் சிக்கனம், கனமான டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய வகை அதே சத்தத்துக்குக் கூடுதலாகவே கேட்கும். கூட்டி வருவது சர்க்யூட் அளவில், அதாவது அதன் பிரேக்கரில் போட்டிருக்கும் ஆம்பியரில், 80 சதவீதத்துக்குள் நின்றால் ஒரே சாக்கெட் தாராளம். தாண்டினால் தனி லைன் இழுங்கள், ஆனால் பிரேக்கர்கள் இருக்கும் அதே போர்டிலிருந்து, எர்த்தும் அங்கிருந்தே கூட வரும்படி.

கேள்வி: லேப்டாப்பை மிக்சரில் இணைத்ததும் ‘ம்ம்ம்’ என்று இரைகிறது. சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிடுகிறது. பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடச் சொல்கிறார்கள்.

பதில்: வெட்டாதீர்கள். வெட்டினால் இரைச்சல் நிற்கும் என்பது உண்மைதான், அந்த யோசனை இன்னும் சாகாமல் உலவுவதற்கும் அதுவே காரணம். ஆனால் என்றாவது உள்ளே மின்சாரம் வரும் லைன் வயர் கழன்று பெட்டியின் மேல் பட்டால் அது எர்த்துக்குப் போக வழி இருக்காது. ஆடியோ கேபிள் வழியாகவோ மைக்கைப் பிடித்திருப்பவரின் கை வழியாகவோதான் போகப் பார்க்கும்.

உங்கள் சார்ஜர் தூரத்துச் சுவர் சாக்கெட்டில் இருக்கும் என்று நினைக்கிறேன். அங்குள்ள எர்த்துக்கும் ரேக்கின் எர்த்துக்கும் நடுவே இருக்கிற சின்ன வோல்டேஜ் வித்தியாசத்தால் ஆடியோ கேபிளின் ஷீல்டு (வயரைச் சுற்றிய உலோகப் பின்னல்) வழியாகக் கரன்ட் ஓடுகிறது, 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் இரைச்சலாக நமக்குக் கேட்கிறது. சார்ஜரை ரேக் டிஸ்ட்ரிபியூட்டரிலேயே செருகிப் பாருங்கள், பல இடங்களில் அதோடு தீர்ந்துவிடும். தீராவிட்டால் லேப்டாப்புக்கும் மிக்சருக்கும் நடுவில், டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டி.ஐ. பாக்ஸ் (சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சின்னப் பெட்டி) வையுங்கள். அதிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்ச் பிரிப்பது சிக்னல் கேபிளின் ஷீல்டைத்தான், மின்சார எர்த்தை அல்ல, ஆகவே தைரியமாகத் தட்டலாம்.

கேள்வி: ரேக்கின் மெயின் ஸ்விட்சைப் போட்டதுமே பிரேக்கர் விழுகிறது, விழாத நாளில் ஸ்பீக்கரில் ‘டப்’ என்று ஓர் அடி. ஓட ஆரம்பித்துவிட்டால் பிரச்சினையே இல்லை. பெரிய பிரேக்கர் மாற்றலாமா?

பதில்: கூடாது. பிரேக்கர் காப்பது சுவருக்குள் இருக்கும் வயரை, வயரை மாற்றாமல் பிரேக்கரை மட்டும் பெரிதாக்கினால் அந்தக் காவல் போய்விடும். ஆம்பைப் போடும் கணத்தில் டிரான்ஸ்ஃபார்மரும் காலியாக இருக்கும் கெபாசிட்டர்களும் வழக்கமானதைப்போல் பல மடங்கு கரன்ட்டை இழுக்கின்றன, எல்லா ஆம்பும் ஒன்றாக எழுந்தால் பிரேக்கர் தாங்காது. சீக்வென்சர் என்று ஒரு பெட்டி உண்டு, சாக்கெட்டுகளைச் சில நொடி இடைவெளியில் ஒவ்வொன்றாகத் திறக்கும். மிக்சர் முதலில், பிராசஸர் அடுத்து, ஆம்புகள் கடைசியில், அதுவும் ஒவ்வொன்றாக. அணைக்கும்போது ஆம்ப் முதலில். இந்த வரிசையில் போனால் ‘டப்’பும் நின்றுவிடும், ஏனென்றால் ஆம்ப் விழித்திருக்கும்போது மிக்சர் எழுவதால் வருகிற அடி அது. சீக்வென்சர் வாங்க மனமில்லையா, கையாலேயே இதே வரிசையில் போடுங்கள்.

விழுவது சாதாரண பிரேக்கரா, எர்த் கசிவுக்கு விழும் ஆர்.சி.சி.பி.யா என்றும் ஒருமுறை பாருங்கள். ஒவ்வொரு பெட்டியின் ஃபில்டரும் கொஞ்சூண்டு கரன்ட்டை எர்த்தில் கசியவிடும், பெட்டிகள் கூடக் கூட அதுவும் கூடும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. அந்த அளவை எட்டும் முன்பே விழலாம். அப்படியென்றால் சுமையைப் பிரித்து வேறொரு ஆர்.சி.சி.பி.யில் போட வேண்டும், சீக்வென்சர் அதற்கு மருந்தாகாது.

கேள்வி: முழு ரேக்கையும் யு.பி.எஸ்.ஸில் போடலாமா?

பதில்: ஆம்புகளை விட்டுவிடுங்கள், அவை பேட்டரியைக் காலி செய்துவிடும், கரன்ட் வந்ததும் தானாகவே எழுந்தும்விடும். மிக்சர், ரிசீவர், நெட்வொர்க் ஸ்விட்ச் மட்டும் போதும். டிஜிட்டல் மிக்சர் ஒரு நொடி அணைந்தாலும் மறுபடி பூட் ஆகிற வரை எல்லாரும் அமைதியாகக் காத்திருக்க வேண்டியதுதான். சுவர் மின்சாரம் போலவே சீரான அலை தரும் சைன் வேவ் யு.பி.எஸ். பார்த்து வாங்குங்கள், அதன் பிளக்கையும் அதே ரேக் டிஸ்ட்ரிபியூட்டரில் செருகுங்கள்.