மாஸ்டர் பதில்கள்: ஏலத்தில் கை நழுவிய பதினொரு பேர்

இந்த மாதம் வந்த ஹாக்கிக் கடிதங்களைக் கட்டிலில் பரப்பிப் பார்த்தேன். பாதிக்கு மேல் ஒரே ஒப்பாரி. அவரை ஏன் விட்டார்கள், இவரை ஏன் எடுத்தார்கள்? நடுநிலையாகப் பதில் சொல்ல நான் ஆள் இல்லை. நானும் அழுதவன்தான். சிலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

கேள்வி: மாஸ்டர், 2024 அக்டோபரில் ஹாக்கி இந்தியா லீக் ஏலம் நடந்தபோது, இந்திய கேப்டன் ஹர்மன்பிரீத் சிங் நம்ம தமிழ்நாடு டிராகன்ஸுக்குத்தான் வருவார் என்று மூன்று பேரிடம் பந்தயம் கட்டினேன். சூர்மா டீம் 78 லட்சத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. இன்னும் மனசு ஆறவில்லை. உங்களுக்கு எப்படி இருந்தது? (குன்னூர்)

பந்தயம் எவ்வளவு என்று எழுதாமல் விட்டுவிட்டீர்களே. சரி, என் கதையைக் கேளுங்கள்.

லீக் 2017-க்குப் பிறகு நின்றுபோயிருந்தது. ஏழு வருடம் கழித்துத் திரும்ப வருகிறது, அதுவும் தமிழ்நாட்டுப் பெயரில் ஒரு டீமோடு என்றதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. ரிட்டையர் ஆனவனுக்கு வேறென்ன வேலை? பேரனுடைய பழைய கணக்கு நோட்டில் பின்பக்கமாகப் பதினொரு பெயர் எழுதினேன். அடித்தேன், மறுபடி எழுதினேன். வீட்டம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன, கல்யாண மளிகை லிஸ்டா?" என்றாள். அப்படித்தான் இருந்தது. எல்லாம் உயர்ந்த சாமான். பட்ஜெட்டைப் பற்றி யோசனையே கிடையாது.

ஏலத்தன்று அருவங்காட்டில் நல்ல மழை. கரண்ட் இல்லை. செல்போனில் இருபது சதவீதம் சார்ஜ். டெல்லியிலிருந்து ஒவ்வொரு பெயராகச் செய்தி வர வர நான் நோட்டில் அடித்துக்கொண்டே வந்தேன். ஹர்மன்பிரீத், போச்சு. அபிஷேக் 72 லட்சத்துக்குப் பெங்கால் டைகர்ஸ், போச்சு. ஹார்திக் சிங் 70 லட்சத்துக்கு யு.பி. ருத்ராஸ், போச்சு. ஹர்மன்பிரீத் இல்லாவிட்டால் பெனால்டி கார்னர் (கோலுக்குப் பக்கத்தில் எதிராளி தப்பு செய்தால் கிடைக்கும் வாய்ப்பு) அடிக்க இவராவது இருக்கட்டும் என்று ஓரத்தில் குறித்து வைத்திருந்த ஜுக்ராஜ் சிங்கையும் பெங்காலே 48 லட்சத்துக்கு எடுத்துக்கொண்டது. அதே 48 லட்சத்துக்கு நமக்கு வந்தவர் அமித் ரோஹிதாஸ். ஒரு பேக்! கோல் அடிக்க ஆள் கேட்டால் கோல் தடுக்க ஆள் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று மெழுகுவத்தி வெளிச்சத்தில் தனியாகக் கத்தினேன்.

அடுத்து வந்த செய்தியில் கோபம் இன்னும் ஏறியது. கோல்கீப்பர், அயர்லாந்தின் டேவிட் ஹார்ட், 32 லட்சம். உலகத்தின் சிறந்த கோலி என்று 2015-லும் 2016-லும் பேர் வாங்கியவர்தான், மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அவருக்கு வயது 36.

மறுநாள் வெயில் வந்தது. கோபம் தணிந்து கணக்குப் போட்டேன். ஒரு டீமின் கையில் 4 கோடி. அதில் 24 பேரை எடுக்க வேண்டும். சராசரி பார்த்தால் ஆளுக்குப் பதினாறரை லட்சம் சொச்சம். ஹர்மன்பிரீத் ஒருவருக்கே 78 கொடுத்தால் பையில் ஐந்தில் ஒரு பங்கு காலி. நம்மவர்கள் டிராக் ஃபிளிக் (பெனால்டி கார்னரில் பந்தை மட்டையால் இழுத்து வீசுவது) அடிக்க நெதர்லாந்தின் யிப் யான்செனை 54 லட்சத்துக்கு எடுத்தார்கள். அவர், ரோஹிதாஸ், ஹார்ட் மூவரும் சேர்ந்து 134 லட்சம், அதாவது மூன்றில் ஒரு பங்கு. அடிக்க ஒருவர், எதிராளி அடிக்கும்போது பாய ஒருவர், இருவரையும் தாண்டி வந்தால் நிறுத்த ஒருவர். பெனால்டி கார்னரை மட்டும் மனதில் வைத்துக் கடைக்குப் போனவன் வாங்கிய சாமான் இது. ரோஹிதாஸ் அந்த முதல் ஓட்டம் ஓடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஃபிளிக் அடிப்பவனின் பந்து வரும் வழியிலேயே, முகத்தில் ஒரு மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, நேராகப் போய் நிற்பார். நான் விளையாடிய காலத்தில் அந்த வேலைக்கு ஆள் கேட்டால் எல்லோருக்கும் ஷூ லேஸ் அவிழ்ந்திருக்கும்.

நீங்கள் குன்னூர்க்காரர், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1963-லிருந்து உங்கள் ஊரில் தேயிலை ஏலம் நடக்கிறது. இலை கருகருவென்று முறுக்காக இருக்கும், கப்பில் ஊற்றினால் சாறு வெளிறிப்போயிருக்கும். அதனால்தான் வாங்குகிறவன் கண்ணை நம்பாமல் வாயில் ஊற்றித் துப்பிப் பார்க்கிறான். நாம் பெயரை மட்டும் பார்த்து விலை சொல்கிற கூட்டம்.

இதோடு நிறுத்தினால் நான் ஞானி ஆகிவிடுவேன். ஆனால் நடந்தது வேறு. நம்மவர்கள் அரையிறுதி வரை போனார்கள். கோப்பை யாருக்கு? 2025 பிப்ரவரி 1, ரூர்கேலா. பெங்கால் டைகர்ஸ் 4, ஹைதராபாத் டூஃபான்ஸ் 3. பெங்காலுக்கு ஹாட்ரிக் அடித்தவர் ஜுக்ராஜ் சிங். என் நோட்டின் ஓரத்தில் இருந்த அதே ஜுக்ராஜ். வீட்டம்மாவை எழுப்பி நோட்டைக் காட்டினேன். என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுத முடியாது.

ஆகவே, உங்கள் மனசு ஆற வேண்டியதில்லை. எனக்கும் ஆறவில்லை.

கேள்வி: பதினொரு பேர் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தீர்களே, அதில் எத்தனை பேர் வந்தார்கள்? (அருவங்காடு)

இவர் யார் என்று எனக்குத் தெரியும். டீக்கடையில் பக்கத்து பெஞ்சு. ஒருவர் வந்தார். கார்த்தி செல்வம்.

கேள்வி: ஐயா, டீமுக்குத் தமிழ்நாடு என்று பேர் வைத்துவிட்டு, டச்சுக்காரர், அயர்லாந்துக்காரர், ஒடிசாக்காரர் என்று எடுத்தால் நாம் எதற்குக் கை தட்ட வேண்டும்? (கூடலூர்)

அந்த 2024 ஏலத்தின் விதி அப்படி. 24 பேரில் 16 பேர் இந்தியர்கள், அதில் நாலு பேராவது ஜூனியர்கள், மீதி எட்டு வெளிநாட்டவர். உள்ளூர்க்காரன் இத்தனை பேர் என்று கட்டாயம் கிடையாது. கொடுப்பவன் கையில் காசு, எடுப்பவன் கண்ணில் பட்டவன் வருவான்.

கார்த்தி செல்வத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். அரியலூர்ப் பையன், ஆட்டம் படித்தது கோவில்பட்டியில். 2022 மே மாதம் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை. இந்தியாவுக்காக முதல் ஆட்டம், எதிரில் பாகிஸ்தான். அதில் கோல் அடித்தான். அதே அணியில் கோவில்பட்டி மாரீஸ்வரனும் இருந்தான். அடுத்த வருடம் ஆகஸ்டில் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் டிராஃபி நடந்தபோது நான் எழும்பூர் ஸ்டேடியத்தில் உட்கார்ந்திருந்தேன். ஸ்வெட்டர் இல்லாமல் வியர்த்துக்கொண்டு. மலேசியாவுக்கு எதிரான லீக் ஆட்டத்தில் இந்தப் பையன் முதல் கோல் போட்டபோது ஸ்டேடியம் முழுக்கத் தமிழில் கத்தியது பாருங்கள், எனக்கு 1980 ஞாபகம் வந்துவிட்டது. மாஸ்கோ ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் நம்ம பாஸ்கரன் கேப்டனாக ஸ்பெயினை 4-3 என்று ஜெயித்த செய்தியை ரேடியோவில் கேட்டுவிட்டுக் கையில் ஸ்டிக்கோடு தெருவில் ஓடினோம்.

கூடலூர்க்காரரே, அயர்லாந்துக்காரர் தடுத்தாலும் கை தட்டுங்கள். 2025 நவம்பர் 28-லிருந்து சென்னையிலும் மதுரையிலும் ஜூனியர் உலகக் கோப்பை நடந்தது. 24 நாடுகள் வந்தன. மதுரை உங்களுக்குத் தூரம்தான், ஆனாலும் போய்ப் பார்த்திருக்க வேண்டும். அடுத்த ஏலத்துக்கான சாமான் அங்கே தெரிந்தது.

கேள்வி: சார், என் மகன் கனடாவில் வேலை பார்க்கிறான். அங்கே ஐஸ் ஹாக்கியில் டிராஃப்ட் என்று ஒன்று நடந்ததாம். அவனுடைய டீம் யாரோ பேர் தெரியாத பேக்கை எடுத்துவிட்டதாம். ராத்திரி சாப்பிடவில்லை என்கிறான். முப்பது வயது ஆகிறது! டிராஃப்ட் என்றால் ஏலம்தானே? (கோத்தகிரி)

இல்லைம்மா. ஏலத்தில் காசு பேசும். டிராஃப்டில் முறை பேசும்.

சின்ன வயதில் தெருவில் கட்சி பிரித்தது ஞாபகம் இருக்கிறதா? இரண்டு பேர் தோளில் கை போட்டுக்கொண்டு தள்ளிப் போய் ரகசியமாகப் பேர் வைத்துக்கொண்டு வருவார்கள். "அல்லி வேணுமா, மல்லி வேணுமா?" கேப்டன் ஒரு பூவைச் சொல்வான், அந்தப் பூ யாரோ அவன் அந்தக் கட்சி. டிராஃப்டும் பாதி அப்படித்தான். என்.எச்.எல். என்கிற அந்த லீக்கில் 32 டீம். ஏழு சுற்று. பதினெட்டு வயதை ஒட்டிய பையன்களை ஒவ்வொரு டீமும் முறை வைத்து எடுக்கும். பையனுக்கு இஷ்டம் கேட்பதில்லை. மோசமாக ஆடிய டீமுக்கு முன்னுரிமை. அப்படியென்றால் வேண்டுமென்றே தோற்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அவர்களுக்கும் தோன்றியது. அதனால் பிளே ஆஃப் சுற்றுக்குப் போகாத 16 டீம்களுக்குள் சீட்டுக் குலுக்கி முன் இடங்களை முடிவு செய்கிறார்கள். ஒரு டீம் தன் முறையை இன்னொரு டீமுக்குக் கைமாற்றியும் விடலாம்.

ஏமாற்றம் எங்கே வருகிறதென்றால், பதினெட்டு வயது என்பது நாற்று. எட்மன்டன் டீமுக்கு 2012-ல் முதல் தேர்வு கிடைத்தது. ரஷ்யாவின் நாயில் யாகுபோவை எடுத்தார்கள். 2018-க்குப் பிறகு அவர் அந்த லீக்கிலேயே இல்லை. அதே டீமுக்கு 2015-ல் மறுபடி முதல் தேர்வு, கிடைத்தவர் கானர் மெக்டேவிட். இன்றைக்கு உலகமே அவர் பின்னால். இன்னொரு பக்கம், டெட்ராய்ட் டீம் 1999-ல் ஹென்ரிக் ஸெட்டர்பெர்க் என்ற சுவீடன் பையனை 210-வது ஆளாக எடுத்தது. அந்த நேரம் பாதி ரசிகர்கள் வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பார்கள். அவர்தான் 2008-ல் கோப்பை ஜெயித்தபோது பிளே ஆஃபின் சிறந்த ஆட்டக்காரர், பிற்பாடு டெட்ராய்ட் கேப்டன்.

உங்கள் மகன் அந்தப் பேக்கைத் திட்டவில்லை. தன் மனசுக்குள் வேறொரு பையனுக்குச் சட்டை தைத்து வைத்திருந்தான், அவன் வரவில்லை. முப்பது வயது என்ன, அறுபத்தெட்டிலும் இது வரும். சாப்பிடச் சொல்லுங்கள். அவன் அடுத்த முறை ஊருக்கு வந்தால் ஜனவரியில் தலைகுந்தாவுக்கு அழைத்துப் போங்கள், உறைபனியாவது பார்க்கட்டும்.

கேள்வி: மாஸ்டர், நான் பத்தாவது படிக்கிறேன். ரைட் அவுட், அதாவது வலது ஓரத்தில் ஆடுவேன். மாவட்ட செலக்‌ஷனில் நன்றாகத்தான் ஆடினேன். போர்டில் ஒட்டிய லிஸ்ட்டில் என் பேர் இல்லை. இனிமேல் ஹாக்கியே வேண்டாம் என்று அப்பா சொல்கிறார். (வெலிங்டன்)

தம்பி, மற்றவர்களுக்கு விளையாட்டாகப் பதில் சொல்லிவிட்டேன். உன் கடிதத்தைத் தனியாக எடுத்து வைத்து இரண்டு நாள் கழித்துத்தான் எழுதுகிறேன்.

அந்த லிஸ்ட் போடுகிற மேஜையில் நான் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். அது எப்படி நடக்கும் தெரியுமா? காலை ஏழு மணிக்குப் பனியில் ஆரம்பிப்போம். நூறு பையன்கள் வருவார்கள். மத்தியானம் ஒரு மணிக்குப் பசியோடு மூன்று பேர் உட்கார்ந்து 18 பேர் எழுதுவோம். முதல் பன்னிரண்டு பேரில் சண்டை இருக்காது. கடைசி ஆறு பேர்தான் சிக்கல். அங்கே கிட்டத்தட்ட சீட்டுக் குலுக்கல்தான், கோத்தகிரி அம்மாவுக்குச் சொன்னேனே, அது மாதிரி.

ஒரு வருடம் மஞ்சூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். மூடுபனியில் பஸ் ஊர்ந்து ஊர்ந்து வந்து அவன் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. நாங்கள் மனசுக்குள் லிஸ்ட்டை முடித்துவிட்டோம். பத்து நிமிடம் ஆட விட்டோம். லெஃப்ட் ஹாஃப். பந்தை மட்டையோடு ஒட்டவைத்துக்கொண்டு இரண்டு பேரைத் தாண்டினான். மூன்று பேரும் பார்த்தோம். எழுதின பேரை அடிக்க யாருக்கும் மனசு வரவில்லை. "அடுத்த வருஷம் வாப்பா" என்றேன். தலையாட்டினான். அடுத்த வருடம் அவன் முகத்தைத் தேடினேன். வரவில்லை. அதற்கடுத்த வருடமும் இல்லை. அவன் பேரைக்கூட நான் எழுதி வைக்கவில்லை.

ஆகவே அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல், பேர் இல்லாததற்கு நீ மட்டும் காரணமாக இருக்க முடியாது. மேஜைக்கு அந்தப் பக்கத்திலும் காரணம் உண்டு. படிப்பைப் பற்றி அவர் கவலைப்படுவது சரி, பத்தாவது பரீட்சை முடியட்டும். விட்டுவிடு என்பது மட்டும் சரியில்லை.

இனி ஆட்டம். ரைட் அவுட் ஆடுகிற பையன்கள் எல்லோரும் லைனை ஒட்டி வேகமாக ஓடிக் கிராஸ் அடிக்கிறார்கள். நாங்கள் அதைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர்கள். பந்து கையை விட்டுப் போனதும் எத்தனை பேர் திரும்பி ஓடி வருகிறான் என்று நான் எண்ணுவேன். பத்தில் இரண்டு பேர்தான் வருவான், அவர்கள் பேர் அந்தக் கடைசி ஆறில் வந்துவிடும். இரண்டாவது, செம்மண் தரையில் பழகிவிட்டு டர்ஃபில் (செயற்கைப் புல்தரை) இறங்கினால் பந்து எதிர்பார்த்ததை விட முன்னாலேயே வந்து நிற்கும். முட்டியை மடக்கி, மட்டையைத் தரையோடு படுக்கவைத்து நிறுத்திப் பழகு. தினமும் ஐம்பது. சுவர் போதும், ஆள் வேண்டாம். மூன்றாவது, செலக்‌ஷனுக்கு முதல் நாளே வந்து தங்கிக்கொள். வெலிங்டன்காரனுக்கு இது தேவையில்லை, ஆனாலும் மஞ்சூர்ப் பையனை நினைத்து எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: அடுத்த ஏலத்துக்கும் நோட்டில் எழுதுவீர்களா? (ஊட்டி)

எழுதியாகிவிட்டது. கோல்கீப்பர் இடத்தில் மட்டும் பென்சில்.