கிளெப்ஷ் பரப்பில் 24 கோடுகள்தான் வருகின்றனவா?

கிளெப்ஷ் பரப்பு என்பது 27 நேர்கோடுகள் முழுதாகப் படிந்திருக்கும் ஒரு மூன்றாம் படி வளைபரப்பு. அதன் பழைய ஜிப்சம் மாதிரியின் படத்தைப் பார்த்து, அ³+ஆ³+இ³+1 = (அ+ஆ+இ+1)³ என்ற சமன்பாட்டை 3டி பிரிண்ட் எடுத்திருக்கிறீர்கள். 27 நேர்கோடுகள் இருக்க வேண்டிய இடத்தில் 24தான் கிடைக்கிறது என்கிறீர்கள். பிரிண்டரைக் குறை சொல்லாதீர்கள், மூன்று கோடுகள் முடிவிலிக்குப் போய்விட்டன, எவ்வளவு பெரிதாக எடுத்தாலும் அவை வராது. மூன்றாம் படி உறுப்புகளை மட்டும் எடுத்துப் பாருங்கள்: 3(அ+ஆ)(ஆ+இ)(இ+அ) = 0. மூன்று காரணிகள், ஒவ்வொன்றுக்கும் முடிவிலியில் ஒரு கோடு, ஆக மூன்று கோடுகள்.

இதற்கு மருந்து எளிது. கூ = அ+ஆ+இ என்று வைத்து, சமன்பாட்டில் 1 வரும் இரண்டு இடத்திலும் (1−கூ)/2 என்று போடுங்கள். சுருக்கினால் 4(அ³+ஆ³+இ³) = கூ³+3கூ. இதில் 27 கோடுகளும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். சோதிக்க வேண்டுமா? (த, −த, 0), (த, −த, 1), (த, −த, −1) மூன்று கோடுகளையும் போட்டுப் பாருங்கள், த எந்த எண்ணாக இருந்தாலும் அப்படியே பொருந்தும். 3 அலகு ஆரமுள்ள கோளத்தில் வெட்டினால் போதும்.

அப்புறம், மெல்லிய தகடாக எடுக்காதீர்கள், குறுகலான கழுத்துப் பகுதி உடையும். பரப்பின் ஒரு பக்கத்தை நிரப்பித் திடமாக எடுங்கள். ஜெர்மன் கணிதவியலாளர் கிளெப்ஷ் 1871இல் சொன்ன இந்தப் பரப்பையும் அதன் உறவினர்களான வேறு மூன்றாம் படிப் பரப்புகளையும் கணிதவியலாளர் ரோடன்பெர்க் மாதிரிகளாக வடிவமைக்க, ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் லுட்விக் பிரில் நிறுவனம் 1881இல் விற்றது. அவையும் திட ஜிப்சம்தான், கோடுகளை மேலே கீறியிருப்பார்கள். நீங்களும் கோடுகளைப் பள்ளமாகவே வையுங்கள். பெயின்ட் அடித்தால் என் கண்ணுக்குப் பொம்மை மாதிரி இருக்கிறது.