ஆற்றில் வேகம், போட்டியில் தளர்ச்சி

கேள்வி: கும்பகோணத்தில் வசிக்கிறோம். 19 வயதான என் மகள் காவிரியில் கயாக் (துடுப்பால் செலுத்தும் ஒடுங்கிய படகு) பயிற்சி செய்கிறாள். பயிற்சியில் 500 மீட்டரை நல்ல நேரத்தில் முடிப்பவள், போட்டியில் கடைசி 150 மீட்டரில் தளர்ந்துவிடுகிறாள். காரணம் மனப்பயமா, உடல் வலுக்குறைவா?

பதில்: என் முதல் ஐயம் இரண்டின் மீதும் அல்ல, ஆற்றின் மீதுதான். தேங்கிய நீரில் நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் 500 மீட்டரை 125 நொடியில் கடக்கும் ஒருவர், நொடிக்கு அரை மீட்டர் நீரோட்டம் துணைநின்றால் அதே உழைப்பில் 111 நொடியில் கடந்துவிடுவார். அந்த 111-ஐத் தம் சொந்த வேகம் என்று நம்பி, ஓட்டமில்லாத நீரில் நடக்கும் போட்டியில் இறங்குபவர், முதல் 100 மீட்டரிலேயே தம்மால் தாங்க முடியாத விரைவில் புறப்பட்டுவிடுவார்.

ஏறத்தாழ இரண்டு நிமிடம் நீடிக்கும் இப்போட்டிக்கு வேண்டிய ஆற்றலில் பாதிக்கு மேல் ஆக்சிஜன் வழியாகவே கிடைக்கிறது. தொடக்கத்தில் அளவு மீறினால், ஆக்சிஜன் இன்றிக் கிடைக்கும் சிறு இருப்பு விரைவில் கரைந்து, தசையில் அமிலத்தன்மை ஏறி, துடுப்பைப் பற்றிய முன்கை இறுகிப்போகும். கரையிலிருந்து எடுத்த காணொளியில் முழங்கால்களைப் பாருங்கள். சரியாகத் துடுப்பிடும்போது, துடுப்பு இறங்கும் பக்கத்துக் கால் மிதிபலகையை உந்த, இடுப்பும் முதுகும் சேர்ந்து திரும்பும். முழங்கால்கள் மாறி மாறி ஏறி இறங்கும். அவை அசைவற்றுப்போனால், கை மட்டுமே இழுக்கிறது என்று பொருள்.

மனம் தளர்வது பெரும்பாலும் இதற்குப் பிறகுதான். பக்கத்துத் தடத்துப் படகின் முனை முந்துவதைக் கண்டதும் கவனம் அங்கே போய்விடுகிறது. அப்போது ‘தைரியமாக இரு’ என்ற அறிவுரை எதற்கும் உதவாது. 350 மீட்டரில் ‘கால்’ என்ற ஒரே சொல்லைத் தமக்குள் சொல்லி, மிதிபலகைக்கு நினைவைத் திருப்பப் பழகுவது உதவும். புறப்படும் முன் வரும் படபடப்பு உடல் ஆயத்தமாவதன் அடையாளமே. அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

ஒரே 500 மீட்டரை ஓட்டத்தோடு ஒருமுறையும், நன்கு ஓய்வெடுத்தபின் எதிர்த்து ஒருமுறையும் ஒரே உழைப்பில் ஓட்டச் சொல்லி, இரு வேகங்களின் சராசரியைக் கணக்கிடுங்கள். நேரங்களின் சராசரி தவறான விடை தரும். அவ்வாறு கிடைக்கும் வேகத்தை ஒட்டியே போட்டித் திட்டம் அமையட்டும். ஹீமோகுளோபினையும், உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். இவ்வயதுப் பெண்களிடம் இரும்புச்சத்துக் குறைவு மிகுதி, அது ஆக்சிஜன் வழி ஆற்றலை நேராகவே குறைக்கும். மேட்டூர் அணை வழக்கமாக மூடப்படும் ஜனவரி 28-க்குப் பின் ஆறு வறண்டதும் எர்கோமீட்டரில் (தரையில் துடுப்பிட்டுப் பழகும் கருவி) பயிற்சி தொடரலாம். ஆனால் அதில் காட்டும் நேரத்தை ஆற்று நேரத்தோடு ஒப்பிட வேண்டாம்.