பதில்: "எல்லாக் கல்லும் கல்லுதான் டீச்சர்" என்கிறார்கள்

வணக்கம் டீச்சர். மேலூர்ப் பக்கம் நாலாம் வகுப்புக்குப் பாறைகளின் பண்புகளை நடத்தினால் பிள்ளைகள் "எல்லாமே கெட்டியாத்தான் இருக்கு" என்று முடித்துவிடுகிறார்கள் என எழுதியிருந்தீர்கள். படத்தை மூடிவைத்துவிட்டுக் கல்லைக் கையில் கொடுங்கள். உங்கள் ஊரில் கிரானைட் சில்லுக்கா பஞ்சம்!

மூன்றே கல் போதும்: கிரானைட், உடைந்த கடப்பாக்கல், பழைய கல்சட்டி ஓடு. கல்சட்டி மாக்கல்லில் செய்தது, ஆணியால் கீறினால் மாவாக உதிரும். கிரானைட்டின் வெளிர்நிறப் பகுதியில் அதே ஆணியை அழுத்தி இழுத்தால் சாம்பல் கோடு விழும். "கீறிடுச்சு!" என்று கத்துவார்கள். ஈரவிரலால் தேய்க்கச் சொல்லுங்கள், கோடு மறையும். தேய்ந்தது ஆணிதான், கல் இல்லை. என் அனுபவத்தில் கடினத்தன்மை அந்த நொடியில்தான் மனதில் பதிகிறது. கடினத்தன்மையைக் குறிக்கும் மோஸ் அளவுகோலின் 1 முதல் 10 வரையான எண்கள் பிறகு வரட்டும்.

கடப்பாக்கல் சுண்ணாம்புப் பாறை வகை. அதைச் சுரண்டிய பொடியில் எலுமிச்சைச் சாறு விட்டால் குமிழி வரும். கிரானைட் பொடியில் வராது. சுண்ணாம்புதானே என்று சாக்பீஸை மட்டும் இதற்கு நம்பாதீர்கள். இப்போது பெரும்பாலும் ஜிப்சத்தில் செய்கிறார்கள், நுரைக்காது.

லென்ஸ் இருந்தால் கிரானைட்டில் மினுங்கும் மைக்கா என்ற கனிமத்தைத் தேடவிடுங்கள், அரைமணி நேரம் சத்தமே இருக்காது.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: கல் பொறுக்கப் பிள்ளைகளைக் குவாரிப் பள்ளத்துப் பக்கம் அனுப்பாதீர்கள். தண்ணீர் தேங்கிய பள்ளங்களின் ஆழம் மேலிருந்து தெரியாது. சில்லுகளை நீங்களே கொண்டுபோங்கள்.